ரூட் கெனால் சீலரை கம்பேர் பண்ணணுமா? முதல்ல இதைப் பாருங்க

எந்த சீலர் (பல் வேரோட குழாயை, அதாவது கெனாலை, நிரப்புறப்போ இடைவெளியை அடைக்கிற பேஸ்ட்) பெஸ்ட்னு நேரா டெஸ்ட்ல இறங்கிடாதீங்க, எதுல பெஸ்ட்னு முதல்ல முடிவு பண்ணுங்க. நல்லா ஒட்டுறது வேற, தண்ணியில கரையாம நிக்கிறது வேற, நாளைக்கு திரும்ப ட்ரீட்மென்ட் பண்ண வேண்டி வந்தா சுலபமா எடுக்க வர்றது வேற, இது மூணுலயும் ஒரே சீலர் ஜெயிக்கும்னு எதிர்பார்க்காதீங்க.

வழக்கமா எடுக்குறது ஜிங்க் ஆக்சைடு யூஜினால், ஏஹெச் பிளஸ் மாதிரி எபாக்சி ரெசின், கால்சியம் சிலிகேட் உள்ள பயோசெராமிக், இந்த மூணு வகை. ஏஹெச் பிளஸ்ஸை கன்ட்ரோலா (ஒப்பிடுற அளவுகோலா) வெச்சுக்கோங்க, முக்கால்வாசி பேப்பர்ல அதுதான் இருக்கும், உங்க ரிசல்ட்டை மத்தவங்களோட ஒப்பிட வசதி.

பேசிக் டெஸ்ட்டுக்கு ஐஎஸ்ஓ 6876, சீலர்களுக்கான சர்வதேச தரநிலை. ஃப்ளோ (எவ்வளவு பரவுது) பார்க்க 0.05 மில்லி சீலரை கண்ணாடித் தட்டுல வெச்சு, கலக்க ஆரம்பிச்சு 3 நிமிஷத்துல மேல இன்னொரு தட்டும் வெயிட்டும் சேர்த்து 120 கிராம் வைக்கணும், கலக்க ஆரம்பிச்சதுல இருந்து 10 நிமிஷம் ஆனதும் வட்டத்தை அளந்தா விட்டம் 17 மிமீக்கு குறையக்கூடாது. ஃபிலிம் திக்னஸ் (படலத்தோட தடிமன்) 50 மைக்ரான் தாண்டக்கூடாது, கரையுறது 3 சதவீதத்துக்குள்ள, எக்ஸ்ரேல தெரியுற அளவு குறைஞ்சது 3 மிமீ அலுமினியத்துக்கு சமம்.

செட்டிங் டைம்லதான் (சீலர் இறுக எடுக்கிற நேரம்) நிறைய பேர் கோட்டை விடுறாங்க. பயோசெராமிக் செட் ஆகவே ஈரம் வேணும், அதை காஞ்ச மெட்டல் மோல்டுல ஊத்தி "செட்டே ஆகல"ன்னு எழுதினா அது மெட்டீரியல் தப்பு இல்ல, ஈரமான ஜிப்சம் மோல்டு எடுக்கணும். எபாக்சிக்கு நேர்மாறு, கெனால் நல்லா காஞ்சிருக்கணும். அதனால பல்லுல பண்றப்போ ரெண்டுக்கும் ஒரே மாதிரி காய வெச்சா பார்க்க நியாயமா தெரியும், ஆனா ரெண்டுல ஒரு சீலருக்கு பாதகம்தான், அந்தந்த கம்பெனி சொன்னபடி பண்ணிட்டு அதை மெத்தட்ஸ்ல தெளிவா எழுதிடுங்க.

ஒட்டும் பலத்துக்கு புஷ்-அவுட், அதாவது வேரோட ஸ்லைஸ்ல இருந்து நிரப்பினதை ஒரு சின்னக் கம்பியால (பிளஞ்சர்) தள்ளி எவ்வளவு விசை வேணும்னு பார்க்குறது. ஒத்தை வேர் பல்லுங்க, ஒரே ஃபைல் சைஸ், கெனாலை கழுவுற ஹைப்போவும் (சோடியம் ஹைப்போகுளோரைட்) 17 சதவீத இடிடிஏவும் எல்லாத்துக்கும் ஒரே அளவு ஒரே நேரம், அப்புறம் 1 மிமீ ஸ்லைஸ். பிளஞ்சர் கெனாலை விட கொஞ்சம் சின்னதா இருக்கணும், டென்டின் (கெனாலைச் சுத்தியிருக்கிற பல் திசு) மேல பட்டா நீங்க அளக்கிறது சீலரை இல்ல பல்லை. நியூட்டனை ஒட்டியிருக்கிற பரப்பால (சதுர மிமீல) வகுத்தா மெகாபாஸ்கல். எங்க விட்டுச்சு, டென்டின் ஓரத்துலயா சீலருக்குள்ளயான்னு மைக்ரோஸ்கோப்ல பார்த்து குறிச்சுக்கோங்க, வெறும் நம்பரை விட இது நிறைய சொல்லும்.

லீக்கேஜுக்கு (சீலர் ஓரமா கசியுதான்னு பார்க்க) பல்லை சாயத்துல ஊற வைக்கிறதை நான் சொல்லவே மாட்டேன். உள்ள மாட்டுன காத்து சாயத்தை தடுக்கும், அதுவும் மெத்திலீன் ப்ளூ காரத்தன்மை உள்ள மெட்டீரியல்கிட்ட நிறமே போயிடும், பயோசெராமிக் லீக்கே ஆகலன்னு சும்மாவே ஜெயிச்சிடும் :) முடிஞ்சா மைக்ரோ சிடி (நுண்ணிய 3டி எக்ஸ்ரே ஸ்கேன்) போங்க, பல்லை வெட்டாமலே உள்ள இருக்கிற காலி இடத்தை அளக்கலாம், அதே பல்லை சில மாசம் கழிச்சும் திரும்ப ஸ்கேன் பண்ணிக்கலாம்.

கரைதிறன்ல பயோசெராமிக் அதிகமா காட்டுனா உடனே மார்க் குறைக்காதீங்க, அது கால்சியம் அயனை வெளிய விடுற மெட்டீரியல், வெறும் தண்ணியோட பாஸ்பேட் கரைசல்லயும் ஒரு செட் போட்டு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. ஆய்வுக்கூட நம்பரை வெச்சு "நோயாளிக்கு இதுதான் நல்லது"ன்னு மட்டும் கன்க்ளூஷன்ல எழுதிடாதீங்க, அதுக்கு ஃபாலோ-அப் எக்ஸ்ரேயும் வலி ஸ்கோரும் வேணும், அது தனி ஸ்டடி.