மக்காச்சோளத்துக்கு நடுவே தட்டைப்பயறு

மக்காச்சோளம் 60 செ.மீ. இடைவெளியில் இருந்தால், நடுவே ஒரு வரிசை தட்டைப்பயறு போடலாம். கொடி ரகம் வேண்டாம், சோளத்தண்டில் ஏறிவிடும். குத்துச்செடி ரகமே நல்லது. விதையில் வெல்லக் கரைசலைத் தெளித்து ரைசோபியம் (காற்றிலுள்ள தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, வேர்முடிச்சில் பிடித்துத் தரும் நுண்ணுயிர் உரம்) பிசறி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றே விதையுங்கள். வெயில் பட்டால் நுண்ணுயிர் செத்துவிடும்.

யூரியாவைச் சோள வரிசையை ஒட்டி மட்டும் வையுங்கள். பயறின் வேரடியில் தழைச்சத்து மிகுந்தால் வேர்முடிச்சு சரியாகக் கட்டாது; இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். பூக்கும் சமயத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி, முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து பிடிக்கிறது. வெள்ளை, பச்சை என்றால் இல்லை.

காய் பறித்தபின் செடியைப் பிடுங்காமல் தரைமட்டத்தில் அறுங்கள். வேரும் தழையும் மண்ணில் மட்கினால்தான் அடுத்த பயிருக்கு அந்தச் சத்து போய்ச் சேரும்.