ஐஇஎல்டிஎஸ் பேச்சும் வாசிப்பும்: பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலத் திறனை அளக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்கு மாதக்கணக்கில் உழைத்தும் பேச்சிலும் வாசிப்பிலும் அரை பேண்டு (அந்தத் தேர்வின் மதிப்பெண் படி) கூட உயராமல் நிற்பவர்களைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். அவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கில இலக்கணமும் போதிய சொற்களும் தெரியும். பள்ளித் தேர்வுகளில் கரையேற்றிய இரண்டு பழக்கங்கள்தான் அவர்களைப் பின்னுக்கு இழுக்கின்றன: விடையை மனப்பாடம் செய்வது, ஆங்கில வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிப் புரிந்துகொள்வது. நான் சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்தே கிளைக்கின்றன.

பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடங்கள் நடக்கும். முதல் பகுதியில் ஊர், படிப்பு, வேலை போன்ற பழகிய செய்திகளைக் கேட்பார்கள். இரண்டாம் பகுதியில் பேசவேண்டிய பொருள் எழுதிய அட்டையான ஒரு கியூ கார்டைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்கவிட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். மூன்றாம் பகுதியில் அதே பொருளை விரித்து விவாதிப்பார்கள். இந்த அமைப்பைப் பார்த்ததும், சென்ற மாதத் தேர்வில் வந்தவை என்று கைமாறும் ஐம்பது, அறுபது கியூ கார்டுகளுக்கு விடை எழுதி ஒப்பிக்கத் தொடங்குவதே மிகப் பரவலான தவறு. ‘உங்களுக்குப் பிடித்த ஆசிரியர்’ என்ற விடையை மனப்பாடம் செய்தவர், ‘உங்களுக்கு ஒரு திறனைக் கற்றுக்கொடுத்தவர்’ என்ற அட்டை வந்தாலும் அதையே இழுத்துவந்து பொருத்துகிறார். ஒப்பிக்கும்போது குரல் ஒரே மட்டத்தில் ஓடுகிறது. அடுத்து எதிர்பாராத கேள்வி வந்ததும் வேகம் சட்டென்று அறுந்துபோகிறது. மனப்பாட விடைகளை இனங்காணப் பயிற்சி பெற்ற தேர்வாளருக்கு இந்த இறக்கம் ஒன்றே போதும். மதிப்பெண் நான்கு அளவுகோல்களில் சமமாகப் பிரிகிறது: தங்குதடையற்ற, கோவையான பேச்சு, சொல்வளம், இலக்கணத்தின் விரிவும் திருத்தமும், உச்சரிப்பு. நீங்கள் சொல்லும் கருத்து உயர்ந்ததா என்பதற்கு மதிப்பெண் கிடையாது என்பதால், அழகான கருத்தைத் தேடிப்பிடித்து மனப்பாடம் செய்யும் உழைப்பு முழுவதும் வீணாகிறது.

மொழிபெயர்ப்புப் பழக்கம் இதைவிட ஆழமானது. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. ஒரு பெயரை விளக்கும் தொடர் அந்தப் பெயருக்கு முன்னால் நிற்கிறது. ‘அண்ணன் வாங்கிக் கொடுத்த போன் தொலைந்துவிட்டது’ என்று மனத்தில் அமைத்துவிட்டு வாய் திறப்பவர், ‘மை பிரதர்’ என்று தொடங்கியதும் மேலே போக வழியின்றி நின்றுவிடுவார். ஏனென்றால் ஆங்கிலத்தில் போன் முதலில் வந்து, அண்ணன் அதன் பின்னால் வரவேண்டும்: ‘தி போன் மை பிரதர் பாட் மீ’. இந்த இடத்தில் விழும் மௌனத்தைப் பலர் பதற்றம் என்று எண்ணித் தன்னம்பிக்கை வகுப்புக்குப் போகிறார்கள். உண்மையில் இது சொல்வரிசைச் சிக்கல். தினமும் இப்படிப்பட்ட பத்து வாக்கியங்களை, தமிழில் யோசிக்காமல், கண்ணெதிரே இருக்கும் பொருளிலிருந்தே தொடங்கி வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் சில வாரங்களில் இந்த முடிச்சு தளர்கிறது.

உச்சரிப்பைப் பொறுத்தவரை, பிரிட்டிஷ்காரரைப் போலவோ அமெரிக்கரைப் போலவோ பேச முயல்வது தேவையற்ற சுமை. நம் தமிழ்ச் சாயலுக்காக யாரும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. கேட்பவருக்குச் சிரமமின்றிப் புரிகிறதா என்பதே கேள்வி. ‘ஃபேன்’ என்பது ‘பேன்’ என்றும், ‘ஸ்கூல்’ என்பது ‘இஸ்கூல்’ என்றும் ஒலிப்பதைத் திருத்திக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமானது அசையழுத்தம். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசையும், ‘ஃபொட்டாகிரஃபி’ என்பதில் இரண்டாம் அசையும் அழுத்தம் பெறும். தமிழில் சொல்லின் பொருளை அழுத்தம் மாற்றுவதில்லை என்பதால், இது நம் காதில் தானாக விழாது. சொல்லைக் கற்கும்போதே அழுத்தத்தையும் சேர்த்துக் கற்க வேண்டும்.

பேசிப் பார்க்காமல் காணொளிகளை மட்டும் பார்ப்பது பயிற்சி ஆகாது. ஒரு கியூ கார்டை எடுத்து, ஒரு நிமிடத்தில் நான்கைந்து குறிப்புச் சொற்களை மட்டும் எழுதிக்கொண்டு (முழு வாக்கியங்களாக எழுதத் தொடங்கினால் இரண்டாவது வரியிலேயே நேரம் முடிந்துவிடும்), இரண்டு நிமிடம் பேசிப் போனில் பதிவு செய்யுங்கள். பிறகு அதைக் கேட்டு, பேசியதை அப்படியே எழுதிப் பாருங்கள். ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ போன்ற வழக்கங்களும், வாக்கியத்துக்கு வாக்கியம் நுழையும் ‘ஆ… வந்து…’ என்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

வாசிப்புத் தேர்வில் 60 நிமிடங்களுக்குள் 40 கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். பெரும்பாலும் உயர்கல்விக்காக எழுதப்படும் அகாடமிக் பிரிவில் மூன்று நீண்ட பகுதிகள் வரும். போகப்போகக் கடினம் கூடும். தாளில் எழுதும் கேட்டல் தேர்வில் விடைகளைப் படியெடுக்கப் பத்து நிமிடம் தருவதைப் போல இங்கும் தருவார்கள் என்று நம்பி, வினாத்தாளிலேயே விடைகளைக் குறித்துவைத்தவர்கள் கடைசியில் ஏமாந்திருக்கிறார்கள். வாசிப்பில் அப்படிக் கூடுதல் நேரம் கிடையாது. முதல் பகுதியை வரி பிசகாமல் படித்து அரை மணி நேரத்தைச் செலவழிப்பவர், மூன்றாம் பகுதியின் கேள்விகளைத் தொடாமலே எழுந்துவருகிறார். தெரியாத சொல்லைக் கண்டதும் அகராதியைத் திறக்கும் வழக்கத்தையும் மாதிரித் தேர்வு எழுதும்போது கைவிட வேண்டும். அகராதிக்கு இடம் தேர்வு முடிந்த பிறகுதான்.

எல்லாவற்றையும்விட அதிக மதிப்பெண்ணைப் பறிப்பது ‘ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்’ (சரி, தவறு, சொல்லப்படவில்லை) என்ற கேள்வி வகை. நமக்குத் தெரிந்த ஊரை வைத்து ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பத்தியில் இப்படி இருப்பதாகக் கொள்வோம்: ‘1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலமே, 1988-இல் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை, தீவை நிலப்பகுதியோடு இணைத்த ஒரே பாலமாக இருந்தது.’ கேள்வியில் ‘1980-இல் சாலைப் பாலம் வழியாகத் தீவுக்குப் பேருந்துகள் ஓடின’ என்று வந்தால் அது ஃபால்ஸ்; பத்தி அதை நேராக மறுக்கிறது. ‘சாலைப் பாலத்துக்கு ரயில் பாலத்தைவிட அதிகம் செலவானது’ என்று வந்தால் நாட் கிவன். செலவைப் பற்றிப் பத்தி வாய் திறக்கவே இல்லை. ‘1964-ஆம் ஆண்டுப் புயலில் ரயில் பாலம் சேதமடைந்தது’ என்று வந்தால்? ராமநாதபுரம் பக்கத்து மாணவர் உடனே ட்ரூ என்று எழுதிவிடுவார். புயல் வந்ததும் பாலம் சேதமடைந்ததும் உண்மைதான். ஆனாலும் இந்தப் பத்தி அதைச் சொல்லவில்லை என்பதால் விடை நாட் கிவன். உலகத்தில் எது உண்மை என்று தேர்வு கேட்கவில்லை. இந்தப் பத்தி என்ன சொல்கிறது என்றே கேட்கிறது. ஃபால்ஸ் என்று எழுதும் முன், அந்த வாக்கியத்தை மறுக்கும் வரியில் விரலை வைத்துக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அது நாட் கிவனாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பத்திக்குத் தலைப்பைப் பொருத்தும் கேள்விகளில், தலைப்பிலுள்ள அதே சொல் பத்தியிலும் இருக்கிறது என்பதற்காக அதைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் வைக்கப்பட்ட பொறியில் சிக்குகிறார். சரியான தலைப்பு பத்தியின் கருத்தை வேறு சொற்களில் சொல்லும். ‘இரண்டு சொற்களுக்கு மிகாமல்’ என்ற கட்டளை இருக்கும் இடத்தில் மூன்று சொற்கள் எழுதினால் பொருள் சரியாக இருந்தாலும் மதிப்பெண் இல்லை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது என்பதால் எந்த இடத்தையும் வெறுமையாக விடக் கூடாது.

நாளுக்கு ஒரு மாதிரித் தேர்வு எழுதி, மதிப்பெண்ணை மட்டும் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போவதும் தவறுதான். ஒரு மணி நேரம் எழுதிய தேர்வுக்கு இன்னொரு மணி நேரம் ஒதுக்கி, தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் விடை ஒளிந்திருந்த வரியைக் கண்டுபிடித்து, கேள்வியிலிருந்த எந்தச் சொல் பத்தியில் எப்படி உருமாறி வந்தது என்று ஒரு நோட்டில் இரண்டு நெடுவரிசைகளாக எழுதிவையுங்கள். நான்கைந்து தேர்வுகளுக்குப் பிறகு அந்த நோட்டைப் புரட்டினால், உங்கள் தவறுகள் எந்தக் கேள்வி வகையில் குவிகின்றன என்பது தெரிந்துவிடும். அடுத்த வாரப் பயிற்சியை அந்த ஒரு வகையிலிருந்து தொடங்கலாம்.