வீடு கட்ட வந்த கொட்டேஷன் நம்பக்கூடியதா? நீங்களே சரிபார்க்கும் முறை

மூன்று பில்டர்களிடம் விலை கேட்டால் மூன்று தொகை வரும். குறைந்ததைப் பிடித்துக்கொள்ளலாமா என்று ஒரு மனம் சொல்லும். நடுவில் இருப்பதுதான் நியாயமாக இருக்கும் என்று இன்னொரு மனம் சொல்லும். இரண்டையும் தள்ளி வையுங்கள். மூன்று பேரும் ஒரே வீட்டுக்குத்தான் விலை சொல்லியிருக்கிறார்களா என்பதே இன்னும் உங்களுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. வரைபடம், கால்குலேட்டர், கொஞ்சம் பொறுமை இருந்தால் யாராலும் செய்ய முடியும்.

படி 1: வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்

"மூணு பெட்ரூம், ரெண்டு மாடி, எவ்வளவு ஆகும்?" என்று கேட்டு வாங்கும் தொகை வெறும் பேச்சு. அறைகளின் அளவு, சுவர் கனம், கூரை உயரம் உள்ள பிளான் வேண்டும். முடிந்தால் அஸ்திவாரம், தூண், பீம், கம்பி விவரங்கள் உள்ள ஸ்ட்ரக்சுரல் வரைபடமும் வேண்டும். இதற்குத் தனியாக ஒரு கட்டணம் ஆகும்தான். ஆனால் எத்தனை கிலோ கம்பி போகும் என்று தெரியாமல் வீட்டுக்கு விலை சொல்பவர் ஊகித்துத்தான் சொல்ல முடியும்.

படி 2: எல்லோருக்கும் ஒரே பட்டியல்

பில்டர் தரும் பட்டியலுக்குக் காத்திருக்காமல், உங்கள் பட்டியலை அவர்களிடம் கொடுங்கள். செங்கல்லா, பிளாக்கா? பூச்சு எத்தனை மில்லிமீட்டர்? ஒவ்வொரு அறையிலும் எத்தனை மின் பாயின்ட்? கதவு எந்த மரம்? பெயின்ட் எத்தனை கோட்டிங்? "நல்ல தரமான டைல்ஸ்" என்று எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு, "சதுர அடிக்கு இத்தனை விலை வரையிலான டைல்ஸ்" என்று மாற்றச் சொல்லுங்கள். பின்னால் சண்டை வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட வரிகளில்தான்.

படி 3: எந்தப் பரப்பளவு?

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. சதுர அடி ரேட்டைச் சொல்பவர் எந்தச் சதுர அடியைச் சொல்கிறார்? சுவருக்கு உள்ளே காலால் மிதிக்கும் இடமா, சுவர்களையும் சேர்த்த இடமா, பால்கனி, போர்டிகோ, மாடிப்படி அறை எல்லாம் சேர்த்ததா? ஒரே வீடு ஒரு கணக்கில் 1000 சதுர அடியாகவும் இன்னொரு கணக்கில் 1300 சதுர அடியாகவும் வரலாம். கணக்கு எளிதாகப் புரிய ஒரு கற்பனை ரேட்டை வைத்துக்கொள்வோம்: ஒருவர் 1000 சதுர அடிக்கு 100 ரூபாய் வீதம் கேட்கிறார், மொத்தம் 1,00,000. இன்னொருவர் 85 வீதம்தான் கேட்கிறார், ஆனால் 1300 சதுர அடிக்கு, மொத்தம் 1,10,500. ரேட் குறைவாகத் தெரிந்தவர்தான் அதிகம் கேட்டிருக்கிறார். அதனால் ரேட்டை ஓரமாக வைத்துவிட்டு, மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள்.

தெரிந்தவர் வீட்டு ரேட்டோடு ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும். வீடு சிறியதானாலும் சமையலறை, குளியலறை, மாடிப்படிச் செலவு அதே விகிதத்தில் குறையாது. அதனால் சின்ன வீட்டுக்குச் சதுர அடி ரேட் கூடுதலாக வருவது இயல்பு.

படி 4: எது சேரவில்லை?

காம்பவுண்ட் சுவர், கேட், தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, தரைமட்டத்தை உயர்த்தும் மண் நிரப்பல், மொட்டை மாடியில் நீர் இறங்காமல் போடும் தளம், சமையலறை அலமாரி, மின் இணைப்புக் கட்டணம், வரி, இடிபாடு அகற்றல். ஒவ்வொன்றுக்கும் எதிரே "உண்டு" அல்லது "இல்லை" என்று எழுதி வாங்குங்கள். இல்லாதவற்றின் தோராய விலையை நீங்களே அந்தக் கொட்டேஷனோடு கூட்டுங்கள். இதைச் செய்த பிறகு மூன்று தொகைகளும் பெரும்பாலும் நெருங்கி வந்துவிடும்.

அஸ்திவாரத்தை மட்டும் தனியாகக் கேளுங்கள். எத்தனை அடி ஆழத்துக்கு விலை போட்டிருக்கிறார்? மண் சரியில்லாமல் இன்னும் தோண்ட வேண்டி வந்தால் ஒவ்வொரு அடிக்கும் எவ்வளவு? வேலை தொடங்கிய பிறகு இதைக் கேட்டால் பேரம் பேச உங்களுக்கு இடம் இருக்காது.

படி 5: மேல்தளத்தை மட்டும் நீங்களே கணக்குப் போடுங்கள்

முழு வீட்டையும் கணக்குப் போட வேண்டாம். மேல்தளம், அதாவது வீட்டுக்குக் கூரையாகப் போடும் கான்கிரீட் ஒன்று போதும். பில்டர் அளவெடுத்து விலை போட்டாரா, குத்துமதிப்பாக எழுதினாரா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

மேல்தளம் 1000 சதுர அடி, கனம் 5 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 1000-ஐ 5-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் சுமார் 417 கன அடி. 35.3-ஆல் வகுத்தால் 11.8 கன மீட்டர். 1:1½:3 கலவையில் (ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி) ஒரு கன மீட்டருக்கு 50 கிலோ சிமென்ட் மூட்டை ஏறக்குறைய 8 ஆகும். அப்படியென்றால் 95 மூட்டை அளவில் வர வேண்டும்.

அடுத்து கம்பி. சாதாரண வீட்டின் தளத்துக்குக் கன மீட்டருக்கு 55 முதல் 80 கிலோ என்பது முதல்கட்டச் சோதனைக்குப் போதுமான கணக்கு. நம் தளத்துக்கு 650 முதல் 950 கிலோ. கொட்டேஷனில் 400 கிலோ என்று இருந்தால் கம்பிகளை எவ்வளவு இடைவெளியில் கட்டப் போகிறார் என்று கேட்டே ஆக வேண்டும். 1500 கிலோ என்று இருந்தாலும் கேளுங்கள். பீம் கம்பியையும் சேர்த்திருக்கலாம், பீமுக்குக் கம்பி அதிகம் பிடிக்கும். இறுதி அளவை ஸ்ட்ரக்சுரல் வரைபடம்தான் சொல்லும்.

கம்பியின் எடை தெரிய ஒரு சின்னச் சூத்திரம்: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 12 மீட்டர் நீளமுள்ள 10 எம்எம் கம்பி சுமார் 7.4 கிலோ, 8 எம்எம் என்றால் சுமார் 4.7 கிலோ. வேலை நடக்கும்போது வந்திறங்கும் கம்பியை எண்ணிப் பார்க்கவும் இது உதவும்.

இப்போது சிமென்ட், கம்பி, மணல், ஜல்லி விலையை நீங்களே கடையில் விசாரித்து, சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும் வரை அதைத் தாங்கும் பலகை, முட்டு) செலவையும் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேதாரத்துக்கும் கொஞ்சம் விடுங்கள். அப்புறம் பில்டரின் லாபம். அதைக் கூட்டத் தயங்காதீர்கள். லாபமே இல்லாமல் எடுத்த வேலை பாதியில் நின்றுபோகும். இத்தனையும் கூட்டி வரும் தொகையைவிட மேல்தளத்துக்கு அவர் போட்டிருக்கும் விலை நன்றாகக் குறைந்திருந்தால், மிச்சப் பணத்தை எங்கிருந்தோ எடுக்கத்தான் போகிறார்.

படி 6: குறைந்த தொகை சொன்னவரிடம் பேசுங்கள்

சந்தேகப்பட்டு ஒதுக்குவதற்கு முன் உட்கார்ந்து பேசுங்கள். சொந்தமாக சென்ட்ரிங் பலகைகள், நிரந்தரமான ஆட்கள், பக்கத்திலேயே ஓடும் இன்னொரு வேலை என்று உண்மையான காரணங்கள் இருக்கலாம். "உங்களுக்கு எதில் மிச்சமாகிறது?" என்று கேட்டால் வேலை தெரிந்தவர் ஐட்டம் ஐட்டமாகச் சொல்வார். "நம்ம கிட்ட விடுங்க, பார்த்துக்கலாம்" என்பது மட்டும் பதிலாக வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

படி 7: பணம் எப்போது போகிறது?

தவணைப் பட்டியலில் வேலையைவிடப் பணம் முன்னால் ஓடக் கூடாது. அஸ்திவாரம் முடிவதற்குள் மொத்தத்தில் பாதி கேட்டால், அதற்குப் பிறகு உங்கள் கையில் பிடி எதுவும் இருக்காது. வீடு முடிந்து குறைகளைச் சரிசெய்யும் வரை 5 சதவீதம் போல நிறுத்திவைக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கூடுதல் வேலைகளுக்கான ரேட்டும் அதே தாளில் இருக்கட்டும்.

கையெழுத்துப் போடும் முன், அவர் கட்டி முடித்து ஓரிரு வருடமான வீடுகளின் உரிமையாளர்களைப் பாருங்கள். ஒப்பந்தத்தில் எழுதிய தொகை எவ்வளவு, கடைசியில் கொடுத்தது எவ்வளவு, வித்தியாசம் எதில் வந்தது என்று மூன்றையும் கேளுங்கள். அந்த வித்தியாசம் வந்த இடங்கள் உங்கள் கொட்டேஷனில் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று திரும்ப ஒருமுறை படித்துவிட்டுப் பிறகு முன்பணம் கொடுங்கள்.