சோக்கை எடுத்தால் நின்றுவிடும் வண்டி

மாதக்கணக்கில் ஓரமாக நின்ற பழைய கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பகுதி) பைக், சோக் (காற்றைக் குறைக்கும் விசை) போட்டால் ஓடுகிறது, எடுத்தால் அணைந்துவிடுகிறதா? பாவம் அந்த ஸ்பார்க் பிளக்கை விட்டுவிடுங்கள். காற்றின் அளவுக்கு ஏற்றபடி பெட்ரோல் சேரவில்லை. பெரும்பாலும், ஆக்சிலரேட்டர் முறுக்காதபோது பெட்ரோல் விடும் சிறு துளையுள்ள திருகான ஐடில் ஜெட்டில் அடைப்பு இருக்கும்.

இஞ்சின் ஆறியபின், அருகில் நெருப்பு இல்லாத இடத்தில், கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். அடியில் நீர்முத்துகளோ துருத்தூளோ தங்கினால் டேங்கையும் கழுவ வேண்டும். பெட்ரோல் குழாயைத் திறந்தால் சீராக ஒழுக வேண்டும். சொட்டினால் வடிகட்டியைப் பாருங்கள்.

அதுவும் சரியென்றால் ஜெட்டைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் பீய்ச்சி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளை வட்டமாகத் தெரிய வேண்டும். ஊசியால் மட்டும் குத்தாதீர்கள். அரை மில்லிமீட்டர்கூட இராத துளை அது. கொஞ்சம் அகன்றாலும் வண்டி பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும்.

சிறிது தூரம் ஓடி நின்று, டேங்க் மூடியைத் திறந்ததும் கிளம்பும் வண்டிக்கு இத்தனை வேலை வேண்டாம். மூடியிலுள்ள காற்றுத் துளையைச் சுத்தம் செய்தால் போதும்.