கீழ்த்தாடை நரம்புக் கால்வாயின் மாறுபாடுகளைப் படங்களில் ஆராயும் முறை

கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்புக் கால்வாய் எல்லோருக்கும் ஒரே பாதையில் செல்வதில்லை. சிலருக்கு அது இரண்டாகக் கிளைக்கிறது, சிலருக்கு, நரம்பு தாடையின் வெளிப்புறத்துக்கு வெளிவரும் மென்டல் துளையைத் தாண்டி முன்னோக்கிச் சென்று வளைந்து திரும்புகிறது. இவற்றை ஆராய, சிகிச்சைக்காக ஏற்கெனவே எடுக்கப்பட்ட சிபிசிடி (கூம்புக்கற்றை சி.டி. எனும் முப்பரிமாண எக்ஸ்ரே) படங்களையே உரிய நெறிமுறை அனுமதியுடன் பயன்படுத்துங்கள். ஆய்வுக்காக மட்டும் ஒருவரைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவது முறையன்று.

தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் பனோரமிக் எக்ஸ்ரே முதற்பார்வைக்கு உதவும். ஆனால் அது முப்பரிமாண எலும்பைத் தட்டையாக்கிக் காட்டுவதால், தாடையின் உட்புறத்திலுள்ள மைலோஹையாய்டு பள்ளத்தின் நிழல்கூட இரண்டாவது கால்வாய்போலத் தோன்றக்கூடும். ஆகவே, கிளை என்று ஐயுறும் ஒவ்வொன்றையும் சிபிசிடியின் குறுக்குவெட்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து பார்த்து, அது முதன்மைக் கால்வாயிலிருந்துதான் பிரிகிறதா, எங்கே முடிகிறது என்பதை உறுதிசெய்த பின்னரே பதிவுசெய்ய வேண்டும். இந்தப் படியில் அவசரம் கூடவே கூடாது. 0.2 மி.மீ. வாக்சல் (முப்பரிமாணப் படத்தின் மிகச்சிறிய கன அலகு) கொண்ட படத்தில் தெரியும் மெல்லிய கிளை 0.4 மி.மீ. படத்தில் மறைந்துபோகலாம் என்பதால், நுணுக்கம் வேறுபடும் படங்களை ஒரே தொகுப்பில் கலக்காதீர்கள்.

முன்கடைவாய்ப் பற்களின் அருகே கூடுதல் துளை தென்பட்டால், அது கால்வாயோடு இணைந்திருந்தால் மட்டுமே துணை மென்டல் துளையாகக் கொள்ளுங்கள். இருவர் தனித்தனியே படங்களை மதிப்பிட்டு, அவர்களிடையேயான ஒத்திசைவைக் கப்பா மதிப்பால் (தற்செயலான ஒற்றுமையைக் கழித்து உடன்பாட்டை அளக்கும் புள்ளியியல் எண்) கணக்கிடுவது அவசியம்.