பிரான்சுக்குப் புதிதா? முதலில் கொண்டிசியொனெல் படியுங்கள்

மொழி வகுப்பில் நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம் என்று வரிசையாகச் சொல்லித் தருவார்கள். கொண்டிசியொனெல் பிரேசான், அதாவது மரியாதையாகக் கேட்கவும் "இப்படி இருந்தால் இதைச் செய்வேன்" என்று சொல்லவும் உதவும் வினை வடிவம், ஆறுதலாகத்தான் வரும். ஆனால் அது தேவைப்படுவதோ முதல் வாரத்திலேயே, பாண் கடையிலும், வதிவிட அட்டைக்குப் போகும் அரசு அலுவலகமான பிரெஃபெக்சூர் கவுண்டரிலும்.

நம் பேச்சில் "ஒரு பாண் தாங்கோ" என்றால் மரியாதை அந்த "ங்கோ"வில் இருக்கிறது. "எனக்கு ஒரு பாண் வேணும்" என்றாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. அதையே பிரெஞ்சில் "ஜெ வெ" என்று கேட்டால் அதட்டுவதுபோல் விழும். "ஜெ வூத்ரே யூன் பகெத், சில் வூ ப்ளே" என்று கேளுங்கள். எதிரில் இருப்பவர் வேகமாகப் பேசினால் "பூர்யே வூ ரெபெதே?" என்று கேட்டால் திரும்பச் சொல்வார். இந்த இரண்டையும் இலக்கணம் புரிவதற்கு முன்பே மனப்பாடம் செய்துவிடலாம்.

சரி, இலக்கணம். ஒழுங்கான வினைச்சொல் ஒன்றை எடுப்போம்: பார்லே, அதாவது பேசுவது. அகராதியில் இருக்கும் முழு வடிவத்தை வெட்டாமல் வைத்து, அதன் பின்னால் விகுதியைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். தனியாகச் சொல்லும்போது கேட்காத கடைசி "எர்" (R) எழுத்து, விகுதி ஒட்டியதும் ஒலிக்கும். ஜெ பார்லெரே, த்யூ பார்லெரே, ஈல் பார்லெரே, நூ பார்லெரியோன், வூ பார்லெரியே, ஈல் பார்லெரே. நான், நீ, அவர், அவர்கள் நான்குக்கும் ஒரே ஒலி என்பதால் பேசுவது சுலபம். எழுத்தில்தான் வேறுபடும்: நான், நீ இரண்டுக்கும் ஆ-ஈ-எஸ் (ais), அவருக்கு ஆ-ஈ-தே (ait), நாங்களுக்கு ஈ-ஓ-என்-எஸ் (ions), நீங்களுக்கு ஈ-எ-ஸெட் (iez), அவர்களுக்கு ஆ-ஈ-எ-என்-தே (aient). (எழுத்துகளின் பிரெஞ்சுப் பெயர்களையும் இப்போதே பழகுங்கள். ஆங்கில வழக்கத்தில் "ஈ" என்று சொன்னால் கவுண்டரில் இருப்பவர் வேறு எழுத்தைப் போட்டுவிடுவார். நமது பெயர்களின் நீளத்துக்கு அது பெரிய வில்லங்கம்.)

ஃபினீர், முடிப்பது, இதே வழியில் ஃபினிரே ஆகும். வாந்த்ர், விற்பது, போன்றவற்றில் மட்டும் கடைசி "எ" உதிர்ந்து வாந்த்ரே என்று வரும். வூத்ரே, பூர்யே போன்றவை அடி மாறிய ஒழுங்கற்ற வினைகள். விகுதி அவற்றிலும் இதேதான்.

தமிழர்கள் சறுக்கும் இடம் வேறு. "நாளைக்கு வேலை செய்வேன்", "கார் இருந்தால் ரான்ஜிஸில் வேலை செய்வேன்" என்று இரண்டுக்கும் நாம் ஒரே "செய்வேன்" போடுகிறோம். ரான்ஜிஸ் மொத்தச் சந்தையில் வேலை நடப்பது ரயில் ஓடாத ராத்திரி நேரத்தில், ஆகவே இது பலர் சொல்லும் வாக்கியம்தான். பிரெஞ்சில் முதலாவது எதிர்காலம், இரண்டாவது கொண்டிசியொனெல்: "ஸி ஜாவே யூன் வ்வாத்யூர், ஜெ த்ரவாயெரே ஆ ரான்ஜிஸ்." "இருந்தால்" என்பதில் வரும் "ஆல்"தான் இந்த "ஸி". அதற்குப் பின்னால் "ஜாவே" என்ற இறந்தகால வடிவம் வருகிறது, கவனியுங்கள். அங்கே கொண்டிசியொனெல் போடக் கூடாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இதை ஒரு சிலேடையாகச் சொல்லித் தருவார்கள்: "ஸி"க்கு "ரே" பிடிக்காது. அதே ஒலியில் மரம் அரியும் வாளுக்குத் திருக்கை மீன் பிடிக்காது என்றும் அர்த்தம் வரும். ஒருமுறை கேட்டால் மறக்காது.

"நான்" என்று எழுதும்போது எதிர்காலத்துக்கு எஸ் கிடையாது, கொண்டிசியொனெலுக்கு உண்டு. காதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்; பிரெஞ்சுக்காரர்களே கடிதத்தில் தடுமாறுவார்கள். சந்தேகம் வந்தால் "நான்" இருக்கும் இடத்தில் "நாங்கள்" போட்டுப் பாருங்கள். "பார்லெரோன்" பொருந்தினால் எதிர்காலம், "பார்லெரியோன்" பொருந்தினால் கொண்டிசியொனெல், எஸ் போடுங்கள். அலுவலகத்துக்கு எழுதும் "ஜெ ஸ்வெத்ரே" (விரும்புகிறேன்) என்ற வேண்டுகோளுக்கு எஸ் கட்டாயம்.

2026 ஜனவரி 1 முதல், பத்து வருட வதிவிட அட்டையான கார்த் தெ ரெஸிதானுக்குப் பொதுவாக பி1, குடியுரிமைக்கு அதைவிட உயர்ந்த பி2 என்ற பிரெஞ்சு மொழித் தேர்ச்சி நிலை கேட்கிறார்கள். "ஸி" வாக்கியங்கள் பி1 பாடத்திலேயே வந்துவிடும்.

அப்புறம், செய்தி கேட்கும்போதும் இந்தக் காலம் காதில் விழும். "அமைச்சர் தெமிஸியொனெரே" என்றால் அவர் விலகிவிட்டார் என்று ஊருக்கு ஃபோன் போடாதீர்கள். விலகப் போகிறாராம், உறுதியாகவில்லை.