உங்கள் குடும்பத்தில் மணியக்காரர் இருந்தாரா? பழைய ஆவணத்தில் தேடும் வழி

"எங்க பூட்டன் மணியக்காரர்" என்று சொல்லாத வீடு கொங்குப் பக்கம் குறைவு. காகிதத்தில் காட்டச் சொன்னால்தான் முழிப்போம். எங்கள் குடும்பத்துக்காகக் கரூர்ப் பக்கம் தேடிக் கண்டுபிடித்த வழியை எழுதுகிறேன். சிட்டா, புல எண்ணெல்லாம் பார்க்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

அவர் என்ன வேலை பார்த்தார் என்று தெரிந்தால்தான் எந்தக் கட்டைப் புரட்டுவது என்று தெரியும். ரயத்துவாரி ஊரில், அதாவது விவசாயி நேரடியாக அரசுக்கு வரி கட்டும் ஊரில், கிஸ்தி (நிலவரி) வசூலித்துத் தாலுகா கஜானாவில் கட்டுவது மணியக்காரர். கணக்கு எழுதுவது கணக்குப்பிள்ளை என்கிற கர்ணம். தாமஸ் மன்றோ முன்நின்று கொண்டுவந்த 1816ஆம் வருடச் சட்டங்கள், ஊர்த் தலைவரையே முன்சீப்பாகவும் போலீஸ் தலைவராகவும் ஆக்கின. 10 ஆற்காடு ரூபாய் வரையிலான பண வழக்கை அவரே தீர்க்கலாம். வாய்ச்சண்டை, சில்லறை அடிதடி என்றால் 12 மணி நேரம் வரை சாவடியில் அடைக்கலாம். ஆள் 'கீழ்சாதி' என்றால் 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் (காலை மாட்டிப் பூட்டும் மரக்கட்டை) மாட்டலாம்! சட்டத்திலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. பூட்டன் பெருமை பேசுகிறவர்கள் அதையும் சேர்த்துப் பேசட்டும்.

படி 1: பெயரைத் தேடாதீர்கள், நிலத்தைத் தேடுங்கள்

ஊருக்கு ஊர் ராமசாமி, பழனிசாமி. பெயரை வைத்துக்கொண்டு ஒன்றும் நகராது. மணியக்காரருக்கு ஊழியத்துக்காக மானியம் (வரி இல்லாமலோ குறைந்த வரியிலோ விட்ட நிலம், இனாம் என்றும் சொல்வார்கள்) இருந்திருக்கும். ஊர்ப் பெரியவர்களிடம் "மணியக்காரர் காடு எது?" என்று கேளுங்கள். பழைய கிரயப் பத்திரங்களில் நான்கெல்லை சொல்லும் இடத்தில் "மணிய மானியத்துக்கு மேற்கு" என்று வந்தாலும் போதும். இன்றைய புல எண்ணைப் பிடித்து, ஊரின் நிலங்களையெல்லாம் புல எண் வாரியாகச் சொல்லும் ஏ பதிவேட்டில் பழைய புல எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: அப்போது எந்த ஜில்லா?

கரூர்த் தாலுகா 1910 வரை கோயம்புத்தூர் ஜில்லா, பிறகு திருச்சி, 1995இல்தான் தனி மாவட்டம். 1860களின் பதிவைத் திருச்சிக் கட்டில் தேடினால் கிடைக்காது. ஆங்கில எழுத்துக்கூட்டலும் வேறு: கரூரை சி-யில் தொடங்கி நடுவில் இரண்டு ஓ போட்டு எழுதுவார்கள்.

படி 3: பசலி

பாதிப் பேர் நிற்கும் இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். வருவாய்க் கணக்கெல்லாம் பசலி ஆண்டில் இருக்கும். ஆங்கில ஆண்டு வேண்டுமானால் பசலியோடு 590 கூட்டு என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. இன்றைய வழக்கில் பசலி ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. 590 கூட்டினால் வருவது தொடங்கும் ஆண்டு. ஜனவரி முதல் ஜூன் வரையிலான பதிவுக்கு 591 கூட்ட வேண்டும். பசலி 1300 மார்ச் என்றால் 1891, 1890 அல்ல. வாரிசு யார், சாவு எப்போது என்று ஒப்பிடும்போது இந்த ஒரு வருடம் அப்பாவையும் மகனையும் இடம் மாற்றிவிடும். இதற்கென்று ஆப் எதுவும் வேண்டாம். எக்செல்லில் பசலி, மாதம், ஆங்கில ஆண்டு என்று மூன்று பத்தி போதும்.

படி 4: எழும்பூர்

தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய செட்டில்மெண்ட் (நிலவரி நிர்ணயம்) பதிவேட்டையும் (ஓ.எஸ்.ஆர்.) இனாம் ஃபேர் ரெஜிஸ்டர் என்கிற இனாம் பதிவேட்டையும் (ஐ.எஃப்.ஆர்.) கேளுங்கள். முதலில் ஓ.எஸ்.ஆர்.; உங்கள் புல எண் இனாம் என்றிருந்தால் அங்கே டி.டி. நம்பர் (டைட்டில் டீட், இனாம் உரிமைப் பத்திர எண்) இருக்கும். அதை வைத்து ஐ.எஃப்.ஆருக்குப் போங்கள். அங்கேதான் புதையல். முதலில் மானியம் பெற்றவர், பழைய பசலிக் கணக்கில் பெயர் இருந்தவர், அப்போது அனுபவித்தவர், அவர் வயது, முன்னவருக்கு என்ன உறவு என்று ஒரே வரிசையில் இரண்டு மூன்று தலைமுறை கிடைக்கலாம். பேனாவை விட்டுவிட்டுப் பென்சில் கொண்டுபோங்கள்.

படி 5: சண்டை நடந்ததா?

1895ஆம் வருடப் பரம்பரைக் கிராம உத்தியோகச் சட்டப்படி வேலை வாரிசுக்குத்தான் போகும். வாரிசு மைனர் என்றால் பெயரை அவனுக்குப் பதிந்துவிட்டு, அவன் வளரும்வரை வேறொருவர் வேலை பார்ப்பார். சித்தப்பா மணியம் பார்த்துவிட்டுத் திருப்பித் தராத கதைகள் இங்கே பிறக்கும். வழக்கு கலெக்டரிடம் போகும், மேல்முறையீடு வருவாய் வாரியம் வரை போகும். பங்காளிச் சண்டை போட்ட குடும்பத்துக்கு வம்சாவளி முழுசாகக் கிடைக்கும். ஒற்றுமையாக இருந்த குடும்பத்துக்கு வெறும் பெயர்தான்.

பிற்சேர்க்கை: சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒருவர் "ஓ.எஸ்.ஆரே இல்லை என்கிறார்களே" என்று கேட்டிருந்தார். ஜமீன் ஊர்களுக்கு அப்படித்தான். அங்கே 1948ஆம் வருட ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசு செட்டில்மெண்ட் நடந்தது, அந்தச் செட்டில்மெண்ட் நிலப் பதிவேட்டை (எஸ்.எல்.ஆர்.) கேளுங்கள். அதற்கு முந்தையது ஜமீன் கணக்கில்தான்.

இன்னொருவர் தாத்தாவின் வேலை எப்படிப் போனது என்று கேட்டார். 1960இல் உச்ச நீதிமன்றம் பரம்பரை உரிமை அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்றது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பழைய கிராம அதிகாரிப் பதவிகளையே எடுத்துவிட்டது; அதற்குப் பிறகு வந்தவர்தான் வி.ஏ.ஓ.